அலுமினா வில்லையில் பைண்டர்: எவ்வளவு, எங்கே, எந்தப் பதத்தில்

கேள்வி இதுதான்: 99 சதவீத அலுமினா (அலுமினியம் ஆக்சைடு) பொடியை 20 மில்லிமீட்டர் டையில் (உலோக அச்சில்) போட்டு அழுத்தும்போது, பைண்டர் (துகள்களை ஒட்டவைக்கும் பசை) சேர்க்காவிட்டால் வில்லை டையை விட்டு வெளியே வரும்போதே உடைகிறது. 5 சதவீதம் பி.வி.ஏ. (பாலிவினைல் ஆல்கஹால்) சேர்த்தால் கையில் எடுக்க நல்ல உறுதியாக இருக்கிறது, ஆனால் 1600 டிகிரியில் சுட்ட பிறகு சிலவற்றில் விரிசல், விரிசல் இல்லாதவற்றிலும் வலிமை குறைவு. அப்படியானால் பைண்டர் எத்தனை சதவீதம் போட வேண்டும்?

நேரடியாகச் சொன்னால் ஒன்றரை முதல் இரண்டு சதவீதம் பி.வி.ஏ., அந்த பி.வி.ஏ. எடையில் கால் பங்கு பி.இ.ஜி. 400 (பாலிஎத்திலீன் கிளைகால், பி.வி.ஏ.வை இளக்குவதற்கு). இந்த எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டு போனால் அடுத்த முறை வேறு ஏதாவது உடையும், அதனால் காரணத்தையும் படித்துவிடுங்கள். பைண்டர் பொடிக்குள் எங்கே போய் உட்கார்ந்திருக்கிறது, அழுத்தும் நேரத்தில் அது இளகியிருக்கிறதா இறுகியிருக்கிறதா, இந்த இரண்டும் தெரிந்த பிறகுதான் சதவீதத்துக்கே அர்த்தம் வரும்.

முதலில் பைண்டர் இல்லாத வில்லையை எடுத்துக்கொள்வோம். விருத்தாசலம் பக்கம் பீங்கான் வேலை பார்த்தவர்களுக்கு இந்தத் தொல்லை அவ்வளவாகத் தெரிந்திருக்காது, ஏனென்றால் களிமண்ணின் தட்டுத் தட்டான துகள்களும் அதில் இருக்கும் நீரும் சேர்ந்து தானாகவே பிடித்துக்கொள்ளும், காய்ந்த பிறகும் பிடி விடாது. அலுமினா அப்படியில்லை. அரை மைக்ரான், ஒரு மைக்ரான் அளவில் கரடுமுரடான கடினத் துகள்கள். 100 மெகாபாஸ்கல் அழுத்தினாலும் துகள் நசுங்காது, வளையாது. ஒன்றையொன்று தொடும் இடம் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளியில் வேன் டெர் வால்ஸ் ஈர்ப்பும் (மிக நெருங்கிய பரப்புகளுக்கு நடுவில் உள்ள மெல்லிய ஈர்ப்பு), காற்றில் இருந்து வந்து ஒட்டிய ஈரத்தின் மெல்லிய பிடிப்பும், துகள்கள் ஒன்றோடொன்று கோத்துக்கொள்வதும்தான் வில்லையைத் தாங்குகின்றன. இப்படி அழுத்திய வில்லையின் இழுவிசை வலிமை பெரும்பாலும் அரை மெகாபாஸ்கலுக்குக் கீழேதான் இருக்கும்.

இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தவர் ஜெர்மனியின் கார்ல்ஸ்ரூவில் இருந்த ஹான்ஸ் ரும்ப். ஒரு தொடுபுள்ளியின் பிடிப்பு விசையைத் துகள் விட்டத்தின் வர்க்கத்தால் வகுத்து, பொடி எவ்வளவு நெருக்கமாக அடுக்கப்பட்டிருக்கிறது என்பதற்கான ஒரு காரணியால் பெருக்கினால் வலிமை வரும். வேன் டெர் வால்ஸ் விசை துகளின் விட்டத்துக்கு நேர்விகிதத்தில் இருப்பதால், வலிமை விட்டத்துக்கு எதிர்விகிதமாகிவிடுகிறது. அதாவது துகள் பத்து மடங்கு நுண்ணியதானால் வலிமை பத்து மடங்கு கூடும். மிக நுண்ணிய சிர்கோனியா பொடி பைண்டரே இல்லாமல் வில்லையாக நிற்பதும், 10 மைக்ரான் அலுமினா தொட்டவுடன் உதிர்வதும் இதனால்தான். பிறகு 1980களில் கெவின் கெண்டல் முதலானவர்கள் வேறொரு கோணத்தில் பார்த்தார்கள். எல்லாத் தொடுபுள்ளிகளும் ஒரே நேரத்தில் விட்டுப்போகும் என்று ரும்ப் கணக்கு எடுத்துக்கொள்கிறது. உண்மையில் எங்கோ ஓர் ஓட்டையில் விரிசல் தொடங்கி ஓடுகிறது. சுடாத வில்லையும் ஒரு நொறுங்கும் பொருள்தான், கண்ணாடியைப் போல அதன் மிகப் பெரிய குறைதான் அதன் வலிமையைத் தீர்மானிக்கும். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள், உங்கள் 5 சதவீத வில்லைகளுக்கு இது நேரடியாகப் பொருந்தும்.

சரி, பைண்டர் என்ன செய்கிறது? தொடுபுள்ளியைச் சுற்றி ஒரு கழுத்துப்பட்டை போல் உட்கார்ந்து, புள்ளியாக இருந்த தொடர்பைப் பரப்பாக மாற்றுகிறது. பி.வி.ஏ. மூலக்கூறில் வரிசையாக ஹைட்ராக்சில் குழுக்கள் இருக்கின்றன, அலுமினாவின் மேற்பரப்பிலும் இருக்கின்றன, இரண்டும் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒட்டிக்கொள்கின்றன. பொரி உருண்டையை நினைத்துக்கொள்ளுங்கள்: வெல்லப் பாகு பொரிகளுக்கு நடுவில் உள்ள இடத்தையெல்லாம் நிரப்புவதில்லை, பொரியும் பொரியும் தொடும் இடங்களில் நின்றால் போதும், உருண்டை நிற்கும், பாகு பதம் தப்பினால் எவ்வளவு ஊற்றினாலும் உருண்டை சரியாக வராது.

1976இல் ஜார்ஜ் ஒனோடா இதை இரண்டு எல்லை நிலைகளாகப் பிரித்துக் காட்டினார். ஒன்று, பைண்டர் முழுவதும் தொடுபுள்ளிகளில் மட்டும் சேர்ந்திருப்பது. இன்னொன்று, துகள்களின் மேல் முழுக்கச் சீராகப் பூசியிருப்பது. முதல் நிலையில் கழுத்தின் பரப்பு பைண்டர் கனஅளவின் வர்க்கமூலத்தோடு கூடுகிறது, ஆகவே வலிமையும் அப்படியே கூடும்: பைண்டரை நான்கு மடங்காக்கினால் வலிமை இரண்டு மடங்குதான். இரண்டாவது நிலையில் வலிமை பைண்டர் அளவுக்கு நேர்விகிதம், ஆனால் தொடக்கமே மிகக் கீழே, ஏனென்றால் பெரும்பாலான பைண்டர் துகளின் முதுகில் எந்த வேலையும் செய்யாமல் படிந்திருக்கிறது. நிஜப் பொடி இந்த இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கும். இதில் இருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது, முதல் ஒரு சதவீதம் தரும் பலனை நாலாவது சதவீதம் தராது என்பது. பைண்டர் அளவுக்கு எதிராக வலிமையை வரைந்தால் முதலில் செங்குத்தாக ஏறும், இரண்டு சதவீதம் தாண்டியதும் வளைந்து படுக்கத் தொடங்கும்.

எடைச் சதவீதத்தில் பேசுவதே கொஞ்சம் ஏமாற்றும் பழக்கம், கனஅளவில் போட்டுப் பாருங்கள். 100 கிராம் அலுமினாவின் கனஅளவு சுமார் 25 கன சென்டிமீட்டர். 55 சதவீத அடர்த்தியில் அழுத்தினால் வில்லையின் மொத்தக் கனஅளவு சுமார் 45.7, அதில் துளைகள் சுமார் 20.5 கன சென்டிமீட்டர். பி.வி.ஏ.யின் அடர்த்தி ஏறத்தாழ 1.27. எனவே 2 கிராம் போட்டால் துளைகளில் 8 சதவீதத்தை அடைக்கும், 5 கிராம் போட்டால் 19 சதவீதத்தை. துளையில் ஐந்தில் ஒரு பங்கு பிளாஸ்டிக் என்றால் துகள்கள் இன்னும் நெருங்கி வருவதற்கே அது குறுக்கே நிற்கும். கனமான பொடிகளில் இன்னும் மோசம். டங்ஸ்டன் கார்பைடு 100 கிராம் வெறும் 6.4 கன சென்டிமீட்டர்தான், அதில் 2 கிராம் மெழுகு சேர்த்தால் கார்பைடின் கனஅளவில் மூன்றில் ஒரு பங்கு மெழுகாகிவிடும். ஒரு பொடிக்குப் பொருந்திய சதவீதத்தை இன்னொரு பொடிக்கு அப்படியே எடுத்துப் போடக் கூடாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதற்காகத்தான்.

இப்போது பதம். என் அனுபவத்தில் ஆய்வகங்களில் யாரும் சரியாகக் கவனிக்காத இடம் இதுதான், பிரச்சினைகளில் பாதி இங்கேயே இருக்கிறது.

பி.வி.ஏ. போன்ற பாலிமருக்கு ஒரு கண்ணாடி மாற்ற வெப்பநிலை உண்டு. அதற்குக் கீழே அது கண்ணாடி போல் விறைத்து, நொறுங்கும். மேலே தோல் போல் இளகி வளையும். நன்றாக உலர்ந்த நிலையில், நாம் பெரும்பாலும் வாங்கும் 88 சதவீதம் ஹைட்ராலிசிஸ் ஆன பி.வி.ஏ.வுக்கு இது 60 டிகிரியை ஒட்டி இருக்கும், முழு ஹைட்ராலிசிஸ் வகைக்கு 80 டிகிரிக்கு மேல். அறை வெப்பநிலையில் உலர்ந்த பி.வி.ஏ. விறைப்பான கண்ணாடி என்று அர்த்தம். ஆனால் பி.வி.ஏ. காற்றின் ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்சிய நீர் அதை இளக்கும். காற்றில் ஈரப்பதம் 50 சதவீதத்தை ஒட்டி இருந்தால் அந்த மாற்ற வெப்பநிலை அறை வெப்பநிலை வரைக்கும் கூட இறங்கிவிடும். ஒரே பொடி, ஒரே பைண்டர், ஒரே அழுத்தம், ஆனால் ஏ.சி. ஓடும் அறையில் உலரவைத்து அழுத்தியது ஒரு மாதிரியும், மழைக்காலச் சென்னையில் ஜன்னலைத் திறந்துவைத்து அழுத்தியது வேறு மாதிரியும் வருவதற்கு இதுதான் காரணம். அமெரிக்காவில் ஆல்ஃபிரட் பல்கலைக்கழகத்தில் டிமிலியாவும் ரீடும் 1983இல் அலுமினாவும் பி.வி.ஏ.வும் வைத்து இதைத் தெளிவாகக் காட்டினார்கள்: பைண்டரின் மாற்ற வெப்பநிலை எங்கே இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் குருணைகள் எந்த அழுத்தத்தில் நசுங்கத் தொடங்கும் என்பதே அமைகிறது.

குருணை என்று சொன்னேன், அதை விளக்க வேண்டும். ஒரு மைக்ரான் பொடியை அப்படியே டைக்குள் கொட்டினால் அது ஓடாது, ஒட்டும், சீராக நிரம்பாது. அதனால் பொடியைப் பைண்டரோடு குழம்பாக்கி, ஸ்ப்ரே டிரையரில் தூவி உலர்த்தி, 50 முதல் 150 மைக்ரான் அளவில் உருண்டைக் குருணைகளாக்குவார்கள். ஆய்வகத்தில் நாம் சல்லடையில் தேய்த்து அதே வேலையைச் சுமாராகச் செய்கிறோம். டைக்குள் நிரம்பும்போது குருணைகளுக்கு நடுவில் பெரிய இடைவெளிகள் இருக்கும், குருணைக்குள்ளே துகள்களுக்கு நடுவில் சின்னத் துளைகள் இருக்கும். அழுத்தம் ஏறும்போது குருணைகள் நசுங்கி, உருமாறி, அந்தப் பெரிய இடைவெளிகளை முழுக்க அடைக்க வேண்டும். பைண்டர் இளகியிருந்தால் ஒரு மெகாபாஸ்கலுக்குக் குறைவான அழுத்தத்திலேயே குருணை நசுங்கத் தொடங்கிவிடும். பைண்டர் விறைத்திருந்தால் குருணை சின்னக் கல்லாகிவிடும். 100 மெகாபாஸ்கல் கொடுத்தாலும் அதன் எல்லைக்கோடு முழுவதும் மறையாது, மூன்று நான்கு குருணைகள் சந்திக்கும் மூலையில் ஒரு முக்கோண ஓட்டை தங்கிவிடும்.

அந்த ஓட்டைதான் சுட்ட பிறகும் உங்களைத் துரத்துகிறது. துகள்களுக்கு நடுவிலுள்ள நுண்துளைகள் சின்டரிங்கில் (அதிக வெப்பத்தில் துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து இறுகும்போது) மூடிவிடும். 30, 40 மைக்ரான் ஓட்டை மூடாது, சுற்றியுள்ள பொருள் சுருங்கும்போது அது அப்படியே நின்றுவிடும். நொறுங்கும் பொருளில் வலிமை குறையின் அளவின் வர்க்கமூலத்துக்கு எதிர்விகிதம். ஓட்டை நான்கு மடங்கு பெரிதானால் வலிமை பாதி. 5 சதவீதம் பி.வி.ஏ. போட்டு, பிளாஸ்டிசைசர் (பி.இ.ஜி. போல பைண்டரை இளக்கும் பொருள்) எதுவும் சேர்க்காமல், அடுப்பில் நன்றாக உலர்த்தி அழுத்தினீர்கள் என்றால், நீங்கள் செய்தது கடினமான குருணைகளை ஒன்றோடொன்று பலமாக ஒட்டவைத்த வேலை. கையில் உறுதியாகத்தான் இருக்கும். சுட்டதும் ஒட்டு எரிந்துபோய் ஓட்டைகள் மட்டும் மிஞ்சும். பச்சை வலிமை, அதாவது சுடுவதற்கு முன் உள்ள வலிமை, கூடினால் சுட்ட வலிமையும் கூடும் என்று நினைப்பதற்கு எந்த அடிப்படையும் இல்லை. சில சமயம் நேர் எதிராகவே போகும்.

இதை நீங்களே பார்க்கலாம். ஒரு பச்சை வில்லையை இரண்டாக ஒடித்து, உடைந்த முகத்தைச் சாதாரண மைக்ராஸ்கோப்பில் பக்கவாட்டு வெளிச்சத்தில் பாருங்கள். சின்னச் சின்ன உருண்டைகள் வரிவரியாகத் தெரிந்தால் விரிசல் குருணைகளைச் சுற்றி ஓடியிருக்கிறது, அதாவது குருணைகள் சேரவில்லை. முகம் தட்டையாக, உருவமே இல்லாமல் இருந்தால் விரிசல் குருணைகளைப் பிளந்துகொண்டு போயிருக்கிறது, அதுதான் நமக்கு வேண்டும். ஜப்பானில் நாகவோகா தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் உமேமட்சு இன்னும் அழகான ஒரு வழி செய்தார். பச்சை வில்லையை மெல்லிய தகடாக்கி, அலுமினாவின் ஒளிவிலகல் எண்ணுக்கு மிக நெருக்கமான எண் கொண்ட மெத்திலீன் அயோடைடு போன்ற திரவத்தில் ஊறவைத்தால் தகடு ஏறத்தாழ கண்ணாடி போலத் தெளிந்துவிடும், உள்ளே இருக்கும் பெரிய ஓட்டைகளும் குருணை எல்லைகளும் மைக்ராஸ்கோப்பில் அப்படியே தெரியும். இந்த வேலை வந்த பிறகுதான் பச்சை வில்லைக்குள் என்ன இருக்கிறது என்பதை ஊகிக்காமல் நேரில் பார்க்க முடிந்தது, எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த வேலைகளில் ஒன்று அது.

ஸ்ப்ரே டிரையரில் இன்னொரு சிக்கல் உண்டு. துளி உலரும்போது நீர் மேற்பரப்பை நோக்கி வரும், துகள்களில் ஒட்டாமல் நீரில் கரைந்து நிற்கும் பைண்டர் அதோடு சேர்ந்து வெளியே வந்து, குருணையின் மேல் ஓடு போலப் படியும். உள்ளே பைண்டர் இல்லை, வெளியே கெட்டி ஓடு. குழம்பில் டிஸ்பர்ஸன்ட் (துகள்கள் கட்டி சேராமல் பிரித்து வைக்கும் பொருள்) அதிகமாகப் போட்டால் இது கூடுகிறது, ஏனென்றால் அம்மோனியம் பாலிஅக்ரிலேட் போன்றவை துகளின் மேற்பரப்பை முதலில் பிடித்துக்கொண்டு பி.வி.ஏ.வுக்கு இடமில்லாமல் செய்துவிடும். கல்வத்தில் கையால் கலப்பவர்களுக்கும் இதற்கு இணையான தொல்லை இருக்கிறது. பொடியில் பி.வி.ஏ. கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, அப்படியே கட்டியாகக் காயவிட்டு, பிறகு குழவியால் இடித்தால், சொட்டு விழுந்த இடங்களிலெல்லாம் பைண்டர் மிகுந்த கடினக் கட்டிகள், மற்ற இடங்களில் வெறும் பொடி. சராசரி 2 சதவீதம்தான், ஆனால் ஓரிடத்தில் 6, ஓரிடத்தில் பூஜ்யம்.

அப்படியானால் பி.இ.ஜி. எதற்கு? பி.இ.ஜி. 400 அறை வெப்பநிலையில் திரவம், பி.வி.ஏ. சங்கிலிகளுக்கு நடுவில் புகுந்து மாற்ற வெப்பநிலையைக் கீழே இறக்கும், காற்றின் ஈரத்தை மட்டும் நம்பி நிற்க வேண்டியதில்லை. குருணை இளகும், அடர்த்தி கூடும், குருணை எல்லைகள் மறையும். விலை என்னவென்றால் பைண்டரின் சொந்த வலிமை குறையும். ஆனால் குருணைகள் நன்றாகச் சேர்வதால் வில்லையின் வலிமை ஓரளவு வரைக்கும் கூடவே செய்யும், அதற்கு மேல் பிளாஸ்டிசைசர் சேர்த்தால் இறங்கத் தொடங்கும். பி.வி.ஏ. எடையில் 10 முதல் 30 சதவீதம் என்பது நல்ல எல்லை. பி.இ.ஜி. 8000, 20000 போன்ற மெழுகு மாதிரியான வகைகளைத் தனி பைண்டராகவே போடுபவர்களும் உண்டு. மிக நன்றாக அழுந்தும், சுத்தமாக எரிந்துபோகும், ஆனால் பி.வி.ஏ. தரும் பச்சை வலிமையை அதில் எதிர்பார்க்காதீர்கள். அக்ரிலிக் எமல்ஷன்களில் மாற்ற வெப்பநிலையைத் தயாரிக்கும்போதே வேண்டிய இடத்தில் வைத்துக்கொள்ளலாம், ஈரத்துக்கு அவ்வளவாக அசையாது, தொழிற்சாலைகளுக்கு ஏற்றது. சின்ன ஆய்வகத்துக்கு பி.வி.ஏ.வும் கொஞ்சம் பி.இ.ஜி.யும் போதும் என்பது என் கருத்து.

இதைவிட நல்ல ஒரு உத்தி பலருக்கும் தோன்றுவதில்லை. அழுத்தும்போது பைண்டர் இளகியிருக்க வேண்டும், கையாளும்போது இறுகியிருக்க வேண்டும், இரண்டும் வேறு வேறு நேரங்கள்தானே. குருணைகளை 50 சதவீத ஈரப்பதத்தில் வைத்திருந்து அழுத்துங்கள், வெளியே எடுத்த வில்லையை 80 டிகிரி அடுப்பில் சில மணி நேரம் உலர்த்தி ஆறவிடுங்கள். உள்ளே இருந்த நீர் போனதும் பி.வி.ஏ. விறைத்துவிடும், வில்லையின் வலிமை கண்கூடாக ஏறும். ஈரப்பதத்துக்குப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். மூடிய டப்பாவின் அடியில் மெக்னீசியம் நைட்ரேட்டின் தெவிட்டிய கரைசல் வைத்தால் உள்ளே காற்றின் ஈரப்பதம் 53 சதவீதத்தை ஒட்டி நிற்கும், சாப்பாட்டு உப்பு என்றால் 75, மெக்னீசியம் குளோரைடு என்றால் 33. குருணைகளைத் திறந்த தட்டில் பரப்பி அந்த டப்பாவுக்குள் ஓர் இரவு விட்டால் போதும். 75 சதவீதத்தில் வைத்தால் குருணை பஞ்சில் (டைக்குள் இறங்கி அழுத்தும் உலோகத் தண்டு) ஒட்ட ஆரம்பிக்கும், அதனால் நான் 53ஐத்தான் சொல்வேன்.

டையை விட்டு வரும்போதே உடைவதைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் பைண்டரின் மேல் பழி போடும் முன் டையைப் பார்க்க வேண்டும். அழுத்தம் விடும்போது வில்லை விட்டத்தில் அரை சதவீதம், சில சமயம் ஒரு சதவீதம் வரை விரியும். வெளியே வந்த பகுதி விரிந்துவிட்டது, டைக்குள் இருக்கும் பகுதி இன்னும் இறுக்கிப் பிடித்திருக்கிறது, இரண்டுக்கும் நடுவில் கிடைமட்டமாக அடுக்குப் பிளவு ஓடும். மேல் பகுதி தொப்பி மாதிரி கழன்று வரும். பைண்டர் தரும் வலிமை இந்த விரிவைத் தாங்க உதவும் என்பது உண்மை. ஆனால் பைண்டர் அதிகமானால் அதன் சொந்த மீள்தன்மை காரணமாக விரிவும் சேர்ந்தே கூடும். டையின் வாய் விளிம்பில் லேசான சரிவு இருக்கிறதா, உட்சுவரில் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள், அழுத்தத்தை மெதுவாக விடுங்கள், முடிந்தால் மேல் பஞ்சில் சிறிய அழுத்தத்தை வைத்துக்கொண்டே வெளியே தள்ளுங்கள். சுவரில் ஸ்டியரிக் அமிலத்தை அசிட்டோனில் கரைத்துத் துடைப்பது நல்லது. பொடிக்குள்ளேயே ஸ்டியரேட் கலப்பவர்கள் கவனிக்க வேண்டியது, அது தொடுபுள்ளிகளிலும் போய்ப் படிந்து வலிமையைக் குறைக்கும்.

20 மில்லிமீட்டர் டைக்கு 100 மெகாபாஸ்கல் என்றால் ஏறத்தாழ 3.2 டன். பிரஸ்ஸின் மீட்டரில் 10 டன் காட்டும்வரை அழுத்துபவர்களைப் பார்க்கிறேன், அது 300 மெகாபாஸ்கலைத் தாண்டிவிடும், அடுக்குப் பிளவுக்கு அழைப்பு வைத்த மாதிரிதான்.

வலிமையை விரலால் அழுத்திப் பார்த்துச் சொல்லாதீர்கள், அளந்து பாருங்கள். வட்ட வில்லைக்கு எளிதான வழி, அதை விளிம்பில் நிற்கவைத்து விட்டத்தின் வழியே அழுத்தி உடைப்பது. பிரேசிலில் கர்னெய்ரோ 1943இல் கான்கிரீட்டுக்காகக் கொண்டுவந்த முறை, அதனால் பிரேசிலியன் டெஸ்ட் என்றே பெயர். உடைந்த விசையை இரண்டால் பெருக்கி, பை, விட்டம், தடிமன் மூன்றையும் பெருக்கி வரும் எண்ணால் வகுத்தால் இழுவிசை வலிமை. உங்கள் வில்லை 20 மில்லிமீட்டர் விட்டம், 5 மில்லிமீட்டர் தடிமன் என்றால் விசையை 157ஆல் வகுத்தால் போதும். 160 நியூட்டனில், அதாவது சுமார் 16 கிலோ சுமையில் உடைந்தால் 1 மெகாபாஸ்கல். நடுவில் நேராகப் பிளந்தால்தான் அந்த அளவு செல்லும், தொடும் இடத்தில் மட்டும் நசுங்கினால் அதை விட்டுவிடுங்கள். எல்லா வில்லைகளையும் ஒரே ஈரப்பதத்தில் வைத்து உடைக்க வேண்டும், இல்லாவிட்டால் நீங்கள் அளப்பது பைண்டரையா அன்றைய வானிலையையா என்று தெரியாது.

எவ்வளவு வலிமை வேண்டும் என்பது வேலையைப் பொறுத்தது. கையில் எடுத்துச் சூளையில் வைக்க ஒரு மெகாபாஸ்கலே தாராளம். ஸ்பார்க் பிளக் இன்சுலேட்டர் மாதிரி வேலைகளில் கதை வேறு: அங்கே அலுமினா குருணைகளை ரப்பர் அச்சில் எல்லாப் பக்கமும் அழுத்தி, சுடுவதற்கு முன்பே கிரைண்டிங் சக்கரத்தில் வெளி வடிவத்தைத் தேய்த்து எடுக்கிறார்கள். விளிம்பு உதிராமல் அந்தத் தேய்ப்பைத் தாங்க வேண்டும், அதனால் பைண்டர் தேர்வில் பச்சை வலிமைக்கு அதிக இடம் கொடுத்தே ஆக வேண்டும். நீங்கள் வில்லையைச் சுட மட்டும் போகிறீர்கள் என்றால் அந்த அளவைத் துரத்த வேண்டாம்.

இனி செய்முறை. பி.வி.ஏ.யைக் குளிர்ந்த நீரில் கலக்கிக்கொண்டே தூவி, பிறகு 80, 90 டிகிரி வரை சூடாக்கிக் கரையுங்கள். நேராக வெந்நீரில் கொட்டினால் வெளியே பசையாகி உள்ளே காய்ந்த கட்டிகள் நிற்கும். 5 சதவீதக் கரைசல் போதும், பூஞ்சை பிடிக்கும் என்பதால் அதிகமாகச் செய்து வைக்காதீர்கள். 100 கிராம் அலுமினாவுக்கு இந்தக் கரைசல் 35 கிராம் எடுத்தால் 1.75 கிராம் பி.வி.ஏ. வரும், அதோடு 0.4 கிராம் பி.இ.ஜி. 400. தேவையான அளவு நீர் சேர்த்து எல்லாவற்றையும் குழம்பாகக் கலக்கி, கிண்டிக்கொண்டே உலர்த்துங்கள். முழுவதும் காய்வதற்கு முன், கையில் பிடித்தால் சேர்ந்து, விட்டால் உதிரும் நிலையில் 60 மெஷ் சல்லடையில் தேய்த்து இறக்குங்கள், பிறகு உலர்த்தி 100 மெஷ்ஷில் ஒரு முறை சலியுங்கள், அப்புறம் ஈரப்பத டப்பா. பொடியில் போரான் ஆக்சைடோ போரேட்டோ இருந்தால் மட்டும் பி.வி.ஏ. வேண்டாம், போரேட் அயனிகள் அதன் சங்கிலிகளைப் பிணைத்துக் குழம்பைக் கூழாக்கிவிடும். மின்காப்புக்கான அலுமினா என்றால் சோடியத்தையும் யோசியுங்கள்: பி.வி.ஏ. தயாரிப்பில் தங்கும் சோடியம் அசிடேட்டும், சோடியம் சி.எம்.சி. (கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸ்) போன்ற பைண்டர்களும் எரிந்த பிறகு சோடியத்தை உள்ளேயே விட்டுவிட்டுப் போகும்.

விரிசலுக்கு வருவோம். உங்கள் வில்லையின் கனஅளவு ஒன்றரை கன சென்டிமீட்டர் சொச்சம், எடை மூன்றரை கிராமுக்குக் கொஞ்சம் குறைவு, 5 சதவீதம் என்றால் அதில் பி.வி.ஏ. 0.17 கிராம். அது முழுக்க எரிந்தால் 300 டிகிரியில் முக்கால் லிட்டர் அளவு வாயு வரும். அவ்வளவும் ஒரு மைக்ரானுக்கும் குறைவான துளைகள் வழியாக வெளியேற வேண்டும், அந்தத் துளைகளில் ஐந்தில் ஒரு பங்கை பைண்டரே அடைத்திருக்கிறது. பி.வி.ஏ. 200 டிகிரிக்கு மேல் நீரை இழந்து சிதையத் தொடங்கி, கரியாகி, அந்தக் கரி 500 டிகிரி வரை மெதுவாக எரியும். நிமிடத்துக்கு 5 டிகிரி என்று ஏற்றினால் விரிசல் வருவதில் ஆச்சரியமில்லை. 500 வரை நிமிடத்துக்கு 1 டிகிரி, 500இல் ஒரு மணி நேரம், நல்ல காற்றோட்டம், அதற்குப் பிறகு வேகமாக ஏற்றிக்கொள்ளலாம். பைண்டரை 1.75 சதவீதமாகக் குறைத்தாலே வாயு கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்காகிவிடும். பைண்டர் போன பிறகு, சின்டரிங் தொடங்கும் முன், வில்லை ஏறத்தாழ பைண்டரே இல்லாத நிலைக்குத் திரும்பியிருக்கும், அந்த இடைவெளியில் சூளையை நகர்த்துவதோ வில்லையைத் தொடுவதோ வேண்டாம்.

ஏற்கெனவே 5 சதவீதம் கலந்து வைத்திருக்கும் பொடியைத் தூக்கிப் போட வேண்டியதில்லை. சுடாத வில்லைகளையும் மீதிக் குருணைகளையும் நொறுக்கி, அலுமினா தட்டில் மெல்லிசாகப் பரப்பி, 600 டிகிரியில் காற்றில் இரண்டு மணி நேரம் வையுங்கள். கறுப்போ பழுப்போ இல்லாமல் வெள்ளையாக வந்தால் பைண்டர் போய்விட்டது, அந்த வெப்பத்தில் அலுமினா துகள்களுக்கு ஒன்றும் ஆகாது. பிறகு பால் மில்லில் சிறிது நேரம் ஓட்டிக் கட்டிகளை உடைத்துவிட்டு மேலே சொன்ன அளவில் புதிதாகக் கலந்துகொள்ளலாம்.